துப்பாக்கி வீட்டில் இல்லாத வெயில்காலம்

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. அதற்கு நாலாம் நாள், அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைத்துவிட வேண்டும். வங்கிக் காவலர்கள், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் என்று சிலருக்குத்தான் விலக்கு. எழுத்தர் நம்பரைச் சரிபார்த்து, தோட்டாக்களை எண்ணி, ரசீது எழுதிக் கொடுத்தார். அதை லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பண்ருட்டிக்காரர்களுக்கு மார்ச் மாதம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. முந்திரிக் கொட்டை விழத் தொடங்கும் காலம். மே கடைசிவரை கொல்லையில் ஆட்கள் இருப்பார்கள், களத்தில் கொட்டை காயும், சனிக்கிழமை கூலி கொடுக்க வீட்டில் பணம் இருக்கும். ஊருக்கே தெரியும் அந்த வீட்டில் பணம் இருக்கிறதென்று. வருஷத்தில் எந்த மூன்று மாதம் வீட்டுக்குக் காவல் தேவையோ, சரியாக அந்த மூன்று மாதம்தான் தேர்தலும் வருகிறது. 2019இல் அப்படித்தான். 2021இல் அப்படித்தான்.

2019இல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரியே அம்மாவை அழைத்துக்கொண்டு பண்ருட்டியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் இரவில் அங்கேதான் படுக்கை. 2024இல் ஒரு ராத்திரிகூட வீட்டை விட்டு நகரவில்லை. என்னை அப்படி மாற்றியது, 2018 முதல் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் தெரிந்தவர்கள், குறிப்பாகத் தனியாக இருக்கும் பெண்கள், அடிக்கடி இதைக் கேட்கிறார்கள்.

எங்கள் வீடு பண்ருட்டியிலிருந்து எட்டு கிலோமீட்டர், முந்திரிக் கொல்லைக்கு நடுவில். அப்பா 1986இல் லைசென்ஸ் வாங்கினார். பன்றிக்காகவும் பாதுகாப்புக்காகவும் என்று மனுவில் எழுதியிருந்தார். நான் பார்க்க அவர் சுட்டது நாலைந்து தடவை இருக்கும், அதுவும் வானத்தைப் பார்த்து. 2017இல் அவர் தவறியதும் துப்பாக்கியை ஒப்படைத்தோம். உரிமம் உள்ளவர் இறந்தால் வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகளில் இடம் உண்டு. அண்ணன் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கொடுத்தான். கடலூர் கலெக்டர் ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து, விசாரணை எல்லாம் முடிந்து 2018 தொடக்கத்தில் என் பெயருக்கு வந்தது. சித்தப்பா மட்டும் வித்துடு பாப்பா என்றார். அண்ணன், இந்தப் பெரிய கட்டையை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய், நிர்பீக் மாதிரி சின்ன ரிவால்வர் வாங்கிக்கொள் என்றான். 2014இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களுக்கென்றே கொண்டுவந்த அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவால்வர் அது. நான் கேட்கவில்லை. அப்பா தொட்டது என்பதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

லைசென்சுக்குப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்பதால் அதையும் வாங்கியிருந்தேன். ஒரு நாள் பயிற்சி. எப்படித் திறப்பது, எப்படி மூடுவது, எப்படித் துடைப்பது. சான்றிதழ் கையில் வந்ததும் எனக்குத் துப்பாக்கி தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பு 2018 மே மாதம் ஒரு ராத்திரியில் போயிற்று.

மணி இரண்டு இருக்கும். நாய் குரைத்தது. களத்தில் தார்ப்பாயின் கீழ் பதினோரு மூட்டைக்கான கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்து இரண்டு தோட்டாவையும் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போனேன். அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பவில்லை. கதவைச் சாத்தவில்லை. இரண்டு கையிலும் துப்பாக்கி, டார்ச் எடுக்கவில்லை. மோட்டார் கொட்டகை ஓரம் ஒரு உருவம் குனிந்து நிமிர்ந்தது. யாருடா என்று கத்தினேன். பதில் இல்லை. என் விரல் ட்ரிகர் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த உருவம் அழ ஆரம்பித்தது. எங்களிடம் கொட்டை பொறுக்கும் அம்மாவின் மகன். பதினைந்து வயது. சாயங்காலம் கொட்டகையில் சார்ஜ் போட்ட செல்போனை மறந்துவிட்டுப் போயிருக்கிறான், அப்பனுக்குத் தெரிந்தால் அடிப்பான் என்று ராத்திரியில் எடுக்க வந்திருக்கிறான். பயத்தில் அவனுக்குக் குரல் வரவில்லை.

துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை எடுக்கக்கூட என் கை வரவில்லை, அவ்வளவு நடுக்கம். அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். காலையில் அவன் அம்மாவிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்கு அடுத்த வாரம்தான் சுபேதார் ஐயாவைத் தேடிப் போனேன். நெய்வேலிப் பக்கம் இருக்கிறார். ராணுவத்தில் இருபத்தெட்டு வருஷம், அப்புறம் ஒரு வங்கியில் காவல் வேலை. எழுபதைத் தொடும் வயது. மாதம் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். வந்த முதல் நாளே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். துப்பாக்கியை அவர் தொடமாட்டார். "லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு, நீதாம்மா தொடணும். நான் வாயால சொல்றேன்" என்றார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தோட்டா போட்டுச் சுட்டுப் பழகியது சென்னையில் ஒரு ரேஞ்சில் மட்டும்தான். வீட்டில் எல்லாம் பொய்த் தோட்டாதான்.

முதல் மாதம் முழுக்க நாலே விஷயம். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியிருக்கிறது என்றே நினை. சுடக்கூடாத எதன் பக்கமும் பேரலைத் திருப்பாதே. சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. குறியையும் தெரிந்துகொள், குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்றும் தெரிந்துகொள். இதை இந்த நாலு வரியாக உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கர், 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர் என்று பிறகு படித்தேன். ஐயாவுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது.

நாலாவது விஷயத்துக்கு வந்தபோது ஒரு காகிதத்தைக் கொடுத்து வீட்டை வரையச் சொன்னார். வடக்கே கூலிக்காரர்களின் ஆறு வீடுகள், எண்பது அடி தூரத்தில், கூரையும் தகரமும். கிழக்கே தார் ரோடு, ராத்திரியிலும் லாரி போகும். தெற்கே பங்காளி வீட்டு மாட்டுக் கொட்டகை, அங்கே கட்டிலில் ஆள் படுத்திருக்கும். மேற்கே மட்டும் எங்கள் கொல்லை, மேடாக ஏறும் செம்மண். பன்னிரண்டு போர் (துப்பாக்கிக் குழலின் அளவு) தோட்டாவில் எல்.ஜி. என்கிற பெரிய ஈயக் குண்டு போட்டால் நூறு கெஜம் தாண்டியும் ஆளைக் காயப்படுத்தும். காகிதத்தைப் பார்த்துவிட்டு ஐயா, "அப்போ உன் வீட்ல சுடறதுக்கு எத்தினி திசை இருக்கு?" என்றார். ஒன்று. மேற்கு மட்டும். அந்தப் பையன் நின்றது வடக்கே. அவன் தலைக்குப் பின்னால் அவன் அம்மா படுத்திருந்தாள்.

அந்தக் காகிதம் இன்னும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அடுத்து நேரம். ஒரு ஞாயிறு ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கட்டிலில் படு, நான் கை தட்டினதும் எழுந்து தயாராகு என்றார். துப்பாக்கி இரும்பு அலமாரியில் பூட்டில், பேரல் தனி, கட்டை தனி. தோட்டா வேறு பெட்டியில் வேறு பூட்டில். அப்படித்தான் இருக்க வேண்டும், அதை மாற்றப்போவதில்லை. எழுந்து, சாவி தேடி, இரண்டு பூட்டும் திறந்து, பேரலை மாட்டி, பொய்த் தோட்டா போட்டு மூட எனக்கு ஆனது 1 நிமிடம் 50 வினாடி. பழகப் பழக 45 வினாடிக்கு வந்தேன். அதற்குக் கீழே வரவில்லை.

இதோடு இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். டென்னிஸ் டூலர் என்று அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சி கொடுத்தவர், 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடிவரும் ஆள் 21 அடியைக் கடக்க ஒன்றரை வினாடிதான் ஆகும், இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை உருவிச் சுடவும் பழகியவருக்கே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் கண்டது. இதை நான் எங்கள் வாசலில் செய்து பார்த்தேன். திண்ணையிலிருந்து பலா மரம்வரை அளந்தால் 22 அடி. அண்ணன் மகன் கபடி ஆடுகிறவன். அவனை மரத்தடியில் நிற்கவைத்து, நான் துடைப்பக்கட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவா என்றதும் கட்டையைத் தோளுக்குத் தூக்க வேண்டும். பத்துத் தடவையில் ஏழு தடவை நான் தூக்குவதற்குள் அவன் கை என் தோளில். கடைசியில், "அத்தை, நீங்க உள்ளயே இருந்து கதவைச் சாத்திக்கிட்டா நான் என்னா பண்ண முடியும்?" என்றான்.

அதைத்தான் பிடித்துக்கொண்டேன். அமெரிக்காவில் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், அவர்கள் எழுதுவதெல்லாம் அதற்கு ஏற்றபடி. நம்முடையது அலமாரியில் பூட்டில் இருப்பது. என் 45 வினாடியை யார் எனக்குச் சம்பாதித்துக் கொடுப்பது? கதவு, கிரில், விளக்கு, நாய். வேறு யாரும் இல்லை.

அதனால் அப்புறம் முந்திரி விற்ற காசில் துப்பாக்கிக்கென்று செலவழித்தது எண்ணெயும் துணியும்தான். மீதி எல்லாம் வீட்டுக்கு. பின்கதவுக்கு வெளிப்பக்கம் கிரில், உள்ளே இரண்டு தாழ்ப்பாள். நடு அறைக்கும் அம்மா படுக்கும் அறைக்கும் தேக்குக் கதவு. நாலு மூலையிலும் ஆள் நடமாட்டம் பார்த்து எரியும் விளக்கு. அப்புறம் மரங்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்கள் பழைய மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அதன்பிறகு நட்டவை எல்லாம் விருத்தாசலம் ஒட்டு ரகக் கன்றுகள். முந்திரி தரையோடு தாழ்ந்து படரும், அடியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. வீட்டைச் சுற்றி மூன்று வரிசை மரங்களுக்கு ஆறடி உயரம்வரை கிளை கழித்தேன். காய்ப்பு குறையும் என்று பங்காளிகள் சொன்னார்கள். குறைந்தது. திண்ணையிலிருந்து பார்த்தால் இப்போது கொல்லையின் பாதிவரை வெறும் தண்டும் தரையும்தான் தெரியும்.

மாதாமாதம் அமாவாசை ராத்திரி ஒத்திகை. நான் "விளக்கு" என்று சத்தம் போட்டால் அம்மா எழுந்து நடு அறைக்குப் போய் கட்டிலின் அந்தப் பக்கம் தரையில் உட்கார வேண்டும். எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி, முதலில் திட்டினாள். இப்போது பஞ்சாங்கம் பார்த்து அவளே ஞாபகப்படுத்துகிறாள். நானும் உள்ளே போய்த் தாழ் போட்டு, அவசர உதவி எண் 112க்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பதட்டத்தில் சொந்த ஊர்ப் பெயரே வாயில் வராது, அதனால் ஊர், ரோடு, எந்தக் கோயிலுக்கு அடுத்த பாதை என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். துப்பாக்கி இருந்தால் அந்த அறையிலேயே, கதவைப் பார்த்து. அந்தக் கதவுக்குப் பின்னால் மேற்குச் சுவர்தான் என்பதால் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். களத்துக்குப் போவது என்ற பேச்சே இல்லை. கொட்டை போனால் போகட்டும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிரை எடுக்கும் அளவுக்குப் போக, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு மாதிரியான நிலை இருக்க வேண்டும். சொத்துக்காக என்றால் கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, இப்படிச் சில. சும்மா திருட்டு என்றால், அதைத் தடுக்கப் போனால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஆகும் என்ற நியாயமான அச்சம் இருந்தால்தான். தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமை இல்லை. போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தாலும் இல்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை.

களத்தில் கொட்டை அள்ளுகிறவனைச் சுட எனக்கு எந்தப் பிரிவும் உரிமை தரவில்லை. அந்த ராத்திரி அவன் உண்மையிலேயே திருட வந்திருந்தாலும்கூட.

அதேநேரம் சட்டம் நம்மைக் கைவிடவும் இல்லை. 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தின் நடுவில் இருப்பவர் தன் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது என்றது. 2012இல் மதுரையில் ஒரு தாய், மகளைக் காப்பாற்றக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்து, அவர் இறந்துபோன வழக்கில், அங்கே எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க் அது தற்காப்பு என்று ஏற்று அந்தத் தாயை விடுவித்தார். ஆனால் தற்காப்புதான் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. அதனால்தான் முதல் போன் நாம் செய்ததாக இருக்க வேண்டும், எச்சரிக்கை கொடுத்ததை நாலு பேர் கேட்டிருக்க வேண்டும், தாழ் போட்ட கதவு உடைந்திருக்க வேண்டும் என்று ஐயா திரும்பத் திரும்பச் சொல்வார்.

இன்னொன்று, யாரும் பேசாதது. ரத்தம். ஆளைக் காயப்படுத்தும் பொருளை வீட்டில் வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும், வந்தவனுடைய ரத்தமாக இருந்தாலும். காயத்தில் துணியை அடைத்து முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே 108 வரும்வரை விடாமல் இருப்பது, கை கால் என்றால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைப்பது. கட்டுத்துணி, கத்தரிக்கோல், கையுறை எல்லாம் ஒரு பெட்டியில் கதவோரம் தொங்குகிறது. துப்பாக்கி இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட வேலை செய்யவில்லை. அந்தப் பெட்டி மூன்று முறை வேலை செய்துவிட்டது. இரண்டு முறை பலா வெட்டும்போது அரிவாள் பட்டு, ஒரு முறை ரோட்டில் பைக் விழுந்து.

சரி, 2024க்கு வருகிறேன். மே மாதம், அக்னி நட்சத்திர வெயில், மின்விசிறி ஓடியும் தூக்கம் வராத ராத்திரி. ஒன்றரை மணிக்குத் தெற்கு மூலை விளக்கு எரிந்தது. நாய் குரைக்கும் விதமே வேறாக இருந்தது. ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். மூன்று பேர். ஒருவன் கையில் கம்பி. மற்ற இருவர் பின்கதவு கிரிலைப் பிடித்து ஆட்டினார்கள்.

"விளக்கு" என்றேன். அம்மா நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டிலைத் தாண்டிவிட்டாள். தாழ் போட்டேன். 112க்கு அடித்து, சுவரைப் பார்த்துப் படித்தேன். வடக்கே கூலிக்கார அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால், அது எங்களுக்குள் பேசி வைத்தது. போலீஸுக்குச் சொல்லியாச்சு என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். ஆறு வீட்டிலும் விளக்கு எரிந்தது, தட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. கிரில் ஆடிய சத்தம் நின்றது. அவர்கள் மேற்கே கொல்லை வழியாக ஓடினார்கள், கழித்த மரங்களுக்கு நடுவில் மூன்று முதுகும் கடைசிவரை தெரிந்தது.

கை அலமாரிப் பக்கம் போகவில்லை. அது காலி என்று உடம்புக்கே தெரிந்திருந்தது.

முதலில் ஓடிவந்து கதவைத் தட்டியது அந்தப் பையன். இப்போது அவனுக்கு இருபத்தொன்று. கையில் தென்னை மட்டை. நான் கதவைத் திறக்கும் முன் அவன் பெயரைச் சொல்லச் சொன்னேன். சொன்னான், சத்தமாக.

ஜூன் 4 முடிவு வந்து, அடுத்த வாரம் ரசீதைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கி வந்தேன். அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேரலைத் துடைத்து எண்ணெய் போட்டு, பேரல் தனி கட்டை தனியாக உள்ளே வைத்துப் பூட்டினேன். புதுச்சேரியில் படிக்கும் மகள் லீவில் வந்திருந்தாள். எனக்கும் சொல்லிக்கொடும்மா என்றாள். லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது, நீ தொடக்கூடாது என்றேன். வேறு என்ன சொல்லிக்கொடுப்பாய் என்றாள். காகிதமும் பேனாவும் கொடுத்து அவள் ஹாஸ்டல் அறையை வரையச் சொன்னேன், கதவு எந்தப் பக்கம் திறக்கும், தாழ் எத்தனை, படிக்கட்டு எங்கே, ராத்திரி யாரைக் கூப்பிடுவாய் என்று. அரை மணி நேரம் வரைந்தாள். பின்பக்க இரும்பு ஏணி எங்கே போய் இறங்குகிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை போனதும் பார்த்துவிட்டு போன் செய்கிறேன் என்றாள், செய்தாள்.